ஒப்பந்த வழக்கறிஞர்களும் அறிவு மேலாண்மையும்: பழைய பைல்களைச் சேர்த்துவைப்பது ஏன் போதாது

எந்தச் சட்ட நிறுவனத்திலும் 'நாலெட்ஜ் மேனேஜ்மென்ட்' என்று பேச்செடுத்தால் அடுத்த வாக்கியத்திலேயே ஒரு மென்பொருளின் பெயர் வந்துவிடும். பழைய ஒப்பந்தங்களையெல்லாம் ஒரு பொது போல்டரில் கொட்டி, அதன் மேல் ஒரு தேடல் வசதியைப் பொருத்திவிட்டால் வேலை முடிந்தது என்பதுதான் பரவலான எண்ணம். கொஞ்ச காலம் கழித்துப் பார்த்தால் அந்த போல்டரை யாரும் திறப்பதில்லை. ஜூனியர்கள் பழையபடி பக்கத்து அறைக்குப் போய், "போன தடவை இதுக்கு என்ன டிராஃப்ட் வச்சீங்க?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மென்பொருள்தான் சரியில்லை என்று முடிவுகட்டி, நிறுவனம் அடுத்ததை வாங்கப் போகிறது.

மென்பொருள் மேல் பெரிய குற்றம் இல்லை. எதைச் சேர்க்க வேண்டும் என்பதே தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கிறது. இந்தத் துறைக்குப் புதிதாக வருகிற இளம் வழக்கறிஞர்கள், அலுவலக மேலாளர்கள், நிறுவனங்களின் உள்சட்டப் பிரிவில் இருப்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து அதை அடியிலிருந்து விளக்கப் பார்க்கிறேன்.

முதலில், எந்த வழக்கறிஞர்கள்?

வழக்கறிஞர் என்றதும் நீதிமன்றம்தான் நினைவுக்கு வரும். ஆனால் சட்டத் தொழிலின் ஒரு பெரும்பகுதி நீதிமன்ற வாசலை மிதிக்காமலே நடக்கிறது. ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்குகிறது. வங்கி ஒன்று தொழிற்சாலைக்குக் கடன் தருகிறது. இரண்டு பேர் கூட்டாக ஒரு கம்பெனி தொடங்குகிறார்கள். ஒருவர் தன் மென்பொருளைப் பயன்படுத்த இன்னொருவருக்கு உரிமம் கொடுக்கிறார். இவற்றுக்கெல்லாம் ஒப்பந்தம் எழுதி, பேரம் பேசி, கையெழுத்துவரை கொண்டுபோகிறவர்களைத்தான் இங்கே ஒப்பந்த வழக்கறிஞர்கள் என்கிறேன். அப்படித் தொடங்கி முடிகிற ஒரு முழுக் கொடுக்கல் வாங்கலை இத்தொழிலில் 'டீல்' என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

இவர்களுக்கும் நீதிமன்ற வழக்கறிஞர்களுக்கும் அறிவு விஷயத்தில் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. நீதிமன்றத் தீர்ப்பில் முடிவு இருக்கும், அந்த முடிவுக்கு வந்த காரணமும் இருக்கும். நீதிபதியே எழுதி வைத்துவிடுகிறார், அது அச்சாகிறது, யாரும் படிக்கலாம். ஒப்பந்தத்தில் முடிவு மட்டும்தான் இருக்கும். 'இழப்பீடு கேட்க 18 மாதம் அவகாசம்' என்று ஷரத்து சொல்லும். ஏன் 18, ஏன் 24 இல்லை, யார் எதை விட்டுக்கொடுத்து இந்த எண் வந்தது என்பதை ஒப்பந்தம் சொல்லாது. அது நள்ளிரவு மின்னஞ்சல்களிலும் தொலைபேசிப் பேச்சிலும், அந்த அறையில் இருந்த இரண்டு மூன்று பேர் நினைவிலும் இருக்கும். டீல் முடிந்ததும் அவர்கள் அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள்.

எனவே ஒப்பந்த வேலையில் அறிவு மேலாண்மை என்பதை இப்படிச் சொல்லலாம்: ஒரு டீலில் ஒருவர் கற்றுக்கொண்ட காரணத்தை, அடுத்த டீலில் அதே இடத்துக்கு வந்து நிற்கிற இன்னொருவர் கைக்கு உரிய நேரத்தில் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு.

அளவெடுத்துத் தைத்த சட்டை

ஒருவருடைய உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு வலது தோள் சற்று இறங்கியிருக்கும். தையல்காரர் அதற்கேற்ப ஒரு பக்கத்தைக் குறைத்து வெட்டியிருப்பார். அடுத்து வருகிறவருக்கும் அதே சட்டையை மாதிரியாக வைத்து வெட்டினால், நேரான தோள் உள்ளவருக்குக் கோணல் சட்டை கிடைக்கும். துணியும் நல்ல துணி, தையலும் நல்ல தையல். ஆனால் அது வேறொருவருடைய உடம்பு.

நல்ல தையல்காரரிடம் தைத்து முடித்த சட்டையைத் தவிர இன்னும் இரண்டு பொருள்கள் இருக்கும். ஒன்று, யாருடைய உடம்புக்கும் தனியாகச் சாயாமல் காகிதத்தில் வெட்டி வைத்த பொது அளவு. இன்னொன்று, யாருக்கு எங்கே ஏன் மாற்றினோம் என்ற குறிப்பு நோட்டு.

பழைய ஒப்பந்தம் அந்தத் தைத்து முடித்த சட்டை. பெரும்பாலான நிறுவனங்கள் சட்டைகளை மட்டும் அலமாரியில் அடுக்கிவிட்டு, அறிவைச் சேமித்துவிட்டதாக நினைத்துக்கொள்கின்றன.

கையெழுத்தான ஆவணம் எதையெல்லாம் மறைக்கிறது

அந்த 18 மாத உதாரணத்துக்கே வருவோம், ஏனென்றால் இந்த இடம் புரிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

ஒரு நிறுவனத்தை விற்பவர், அதன் கணக்கு சரியாக இருக்கிறது, மறைந்த கடன் எதுவும் இல்லை, வரி பாக்கி இல்லை என்றெல்லாம் வாங்குபவருக்கு எழுத்தில் உறுதி தருவார். அந்த உறுதிமொழி பொய்யாகிப் போனால் இழப்பீடு கேட்கலாம். ஆனால் எவ்வளவு காலத்துக்குள் கேட்க வேண்டும் என்பதில் பேரம் நடக்கும். வாங்குபவர் நீண்ட காலம் வேண்டும் என்பார், விற்பவர் குறுகிய காலம் போதும் என்பார்.

வாங்குபவரின் வழக்கறிஞருக்கு மனதில் ஒரு கணக்கு இருக்கும். நிறுவனம் கைக்கு வந்தபின் ஒரு முழு ஆண்டுக் கணக்கு முடிந்து, அது தணிக்கையாகி வெளிவர வேண்டும். பெரும்பாலான குளறுபடிகள் அந்தத் தணிக்கையில்தான் தட்டுப்படும். அதற்குள் அவகாசம் தீர்ந்துவிட்டால், உறுதிமொழி காகிதத்தில் மட்டும்தான் இருக்கும். ஆகவே டீல் எந்த மாதத்தில் முடிகிறது, நிதியாண்டு எப்போது முடிகிறது, தணிக்கைக்கு எவ்வளவு நாளாகும் என்று பார்த்துத்தான் அந்த எண்ணைப் பிடிக்கிறார்.

இப்போது அடுத்த டீலுக்கு வந்த ஜூனியர் ஒருவர் பழைய ஒப்பந்தத்தைத் திறக்கிறார். '18 மாதம்' என்று இருக்கிறது. எதிர்த்தரப்பு 'ஒன்பது மாதம் தருகிறோம், அதற்குப் பதிலாக இழப்பீட்டு உச்சவரம்பை உயர்த்திக்கொள்கிறோம்' என்கிறது. காரணம் தெரியாதவருக்கு அது நல்ல பேரமாகத் தோன்றும். ஒரு தணிக்கைகூட முடியாமல் கதவு மூடிவிடப் போகிறது என்பது அவருக்குத் தெரிய வழியே இல்லை. அவரிடம் திறமைக் குறைவு எதுவும் இல்லை. காரணம் அவர் கைக்குப் போய்ச்சேரவில்லை, அவ்வளவுதான்.

கையெழுத்தான ஆவணம் மறைக்கும் இன்னொரு விஷயமும் உண்டு. நாம் எங்கே தொடங்கினோம் என்பது அதில் தெரியாது. இருதரப்பும் இழுத்து இழுத்துக் கடைசியில் நின்ற இடம்தான் அதில் பதிவாகிறது. அதையே அடுத்த டீலில் முதல் டிராஃப்டாக வைத்தால், போன தடவை விட்டுக்கொடுத்ததையெல்லாம் இந்தத் தடவை யாரும் கேட்காமலே விட்டுக்கொடுத்ததாக ஆகும். விற்பவருக்காக எழுதிய ஒப்பந்தத்தை வாங்குபவருக்கு எடுத்துப் போடுவது இதைவிட மோசம். ஆவணத்தின் முகப்பில் 'நாங்கள் இதில் யார் பக்கம் நின்றோம்' என்று எழுதியிருக்காது.

அப்புறம், ஒரு டீலுக்கு மட்டும் உரிய விசித்திரங்கள். அந்த நிறுவனத்துக்கு ஒரு வரி வழக்கு நிலுவையில் இருந்தது, அதற்காக ஒரு தனி இழப்பீட்டு ஷரத்து சேர்த்தார்கள் என்று வையுங்கள். அடுத்தடுத்து நகலெடுத்துப் போகும்போது அந்த ஷரத்து அப்படி எந்த வழக்குமே இல்லாத நிறுவனங்களின் ஒப்பந்தத்திலும் ஒட்டிக்கொண்டு போகும். எடுக்கவும் யாருக்கும் தைரியம் வராது, ஏதோ காரணம் இருக்கும் என்று நினைப்பார்கள்.

இதுவரை சொன்னதில் பிடித்துக்கொள்ள வேண்டியது: ஒப்பந்தம் என்பது முடிவுகளின் பதிவு. காரணம், தொடக்க நிலை, யார் பக்கம், எந்தத் தனிச்சூழல் என்ற நான்கும் அதற்கு வெளியே இருக்கின்றன. அறிவு மேலாண்மை அந்த நான்கையும் பிடித்துவைக்கப் பார்க்கிறது.

எழுதிவைக்கக் கூடியதும் எழுத வராததும்

எழுத்தில் வைத்து இன்னொருவரிடம் கொடுத்துவிடக் கூடிய அறிவை 'வெளிப்படை அறிவு' என்பார்கள். ஒருவருக்குத் தெரியும், செய்துகாட்டுவார், ஆனால் கேட்டால் முழுதாகச் சொல்லத் தெரியாது என்ற வகை அறிவு 'உள்ளுறை அறிவு'. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மைக்கேல் போலான்யி என்ற அறிஞர் இந்தப் பின்னதைப் பற்றி விரிவாகப் பேசினார். மேலாண்மைத் துறை பிறகு அதை எடுத்துக்கொண்டது.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரு ஷரத்தைப் பற்றிப் பேசாமல் நழுவுகிற விதத்திலேயே அங்கே ஏதோ சிக்கல் இருக்கிறது என்று மோப்பம் பிடிக்கிற சீனியர் இருப்பார். அதை எந்தக் குறிப்பிலும் முழுதாக இறக்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத்தான் கற்க முடியும். ஆகவே ஜூனியர்களை முக்கியமான பேரங்களில் உடன் உட்காரவைப்பதும் அறிவு மேலாண்மைதான். எல்லாவற்றையும் எழுத்தாக்கிவிடலாம் என்று வாக்குக் கொடுக்கிற திட்டங்களை நான் நம்புவதில்லை. ஆனால் 18 மாதத்துக்குப் பின்னால் இருக்கும் தணிக்கைக் கணக்கு மோப்பம் பிடிக்கிற வகை அறிவு கிடையாது. மூன்று வரியில் எழுதிவிடலாம். எழுதக்கூடியதை எழுதாமல் விட்டதால் ஏற்படும் நஷ்டமே இந்தத் தொழிலில் மலையளவு இருக்கிறது, முதலில் அதைச் சரிசெய்வோம் என்பதே என் வாதம்.

காரணம் தொலைந்தால் என்ன ஆகும்: இரண்டு உண்மைச் சம்பவங்கள்

நாடுகள் வெளிநாட்டில் கடன் வாங்க வெளியிடும் கடன் பத்திரங்களில் 'பாரி பாசு' என்ற ஷரத்து பல பத்தாண்டுகளாக இடம்பெற்று வந்தது. இந்தக் கடனும் மற்றக் கடன்களும் சம தகுதி உடையவை என்று அது சொல்லும். எல்லா ஒப்பந்தத்திலும் இருந்ததால் எல்லோரும் நகலெடுத்தார்கள். 2000-இல் பெரு நாட்டுக்கு எதிராக ஒரு முதலீட்டு நிதி பிரஸ்ஸல்ஸ் நீதிமன்றத்துக்குப் போய், இந்த ஷரத்தின்படி எங்களுக்குத் தராமல் மற்றவர்களுக்கு மட்டும் பணம் தரக் கூடாது என்று வாதாடித் தடை வாங்கியது. இத்தனைக்குப் பிறகும் ஷரத்து அப்படியே நகலாகிக்கொண்டிருந்தது. 2012-இல் நியூயார்க்கில் உள்ள அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அர்ஜென்டினா வழக்கில் அதே போன்ற வாதத்தை ஏற்றது. வழக்கில் சிக்கிய பத்திரங்கள் 1994-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் கீழ் வந்தவை. முன்பு கடன் தவறியபின், குறைத்த தொகைக்கு ஒத்துக்கொண்டவர்களுக்கு அர்ஜென்டினா தர நினைத்த பணம் 2014-இல் முடங்கியது, நாடு மறுபடி கடன் தவறியது. அப்படி ஒத்துக்கொள்ளாமல் முழுத் தொகை கேட்டு வழக்காடிய முதலீட்டு நிதிகளில் முதன்மையான நான்குடன் 2016-இல் சுமார் 465 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது.

இந்த ஷரத்து எதற்காக இருக்கிறது என்று சட்ட ஆய்வாளர்கள் இத்துறையின் வழக்கறிஞர்களைப் பேட்டி கண்டு கேட்டபோது, ஒருமித்த விளக்கம் கிடைக்கவில்லை. உலகின் மிகச் சிறந்த சட்ட நிறுவனங்கள் வைத்திருந்த ஆவணங்கள் அவை. ஆவணம் இருந்தது, தேடினால் கிடைத்தது, காரணம் மட்டும் எங்கோ வழியில் தொலைந்திருந்தது. சர்வதேச மூலதனச் சந்தைச் சங்கம் 2014 ஆகஸ்டில் பொருளைத் தெளிவாக்கிய புதிய மாதிரி ஷரத்தை வெளியிட்டது.

இரண்டாவது சம்பவம் அளவில் சிறிய வேலை, விளைவில் பெரியது. 2008 அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஜேபி மார்கன் வங்கியின் ஏற்பாட்டில் இருந்த சுமார் 30 கோடி டாலர் கடன் ஒன்றை அடைக்க முன்வந்தது. கடனுக்கு ஈடாக இன்னின்ன சொத்து இருக்கிறது என்று அமெரிக்க மாநிலப் பதிவேட்டில் அறிவிப்பு போட்டிருப்பார்கள். கடன் அடைந்ததும் அந்த அறிவிப்பை நீக்க வேண்டும். எதையெல்லாம் நீக்க வேண்டும் என்று பட்டியல் போட, இந்த டீலைப் பற்றியோ தேடுதலின் நோக்கத்தைப் பற்றியோ அறியாத சட்ட உதவியாளர் ஒருவரிடம் பதிவேட்டைத் தேடச் சொன்னார்கள். மூன்று அறிவிப்புகள் கிடைத்தன. இரண்டுதான் இந்தக் கடனுக்கு உரியவை. மூன்றாவது, அதனுடன் சம்பந்தமே இல்லாத 150 கோடி டாலர் கடனுக்கு உரியது. மூன்றும் பட்டியலில் ஏறின. இருதரப்பு வழக்கறிஞர்களும் வங்கியும் பார்த்தார்கள், யாருக்கும் தட்டுப்படவில்லை. மூன்றும் நீக்கப்பட்டன. அடுத்த ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் திவால் நடவடிக்கைக்குப் போனது. பதிவு தவறுதலாக நீக்கப்பட்டிருந்தாலும், வங்கி அனுமதித்துத்தான் நீக்கப்பட்டது, ஆகவே நீக்கம் செல்லும் என்று 2015 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அந்தப் பெரிய கடனுக்கு அந்தப் பதிவு தந்த பாதுகாப்பு இல்லாமல் போனது.

அங்கே செக்லிஸ்ட் இருந்தது என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு அறிவிப்பும் எந்தக் கடனுக்கு என்று எதிரில் எழுதச் சொல்லும் ஒரு கட்டம் அதில் இருந்திருந்தால், தேடியவருக்கே சந்தேகம் வந்திருக்க வாய்ப்பு உண்டு.

காரணம் தங்குகிற நான்கு இடங்கள்

சரி, அந்த அறிவை எங்கே எழுதி வைப்பது? அநேகமாக எல்லா ஏற்பாடுகளும் கீழ்க்கண்டவற்றில் அடங்கிவிடும்.

மாதிரிப் படிவம். எந்த டீலின் பேரமும் படியாத, ஒரு பக்கத்துக்காக நிறுவனமே யோசித்து எழுதிய முதல் டிராஃப்ட். முன்பு சொன்ன காகித அளவு இதுதான். வாங்குபவருக்கு ஒன்று, விற்பவருக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்க வேண்டும்.

வரைவுக் குறிப்பு. படிவத்தின் ஷரத்துகளுக்குப் பக்கத்திலேயே எழுதும் விளக்கம். இதைத்தான் நான் முழு ஏற்பாட்டின் இதயமாக நினைக்கிறேன், நடைமுறையில் பெரிதும் விட்டுப்போவதும் இதுதான். நல்ல குறிப்பு ஒன்று எப்படி இருக்கும் என்றால்: 'இந்த அவகாசம் ஒரு முழு ஆண்டுத் தணிக்கை முடியும்வரை நீள வேண்டும். டீல் முடியும் தேதியையும் நிதியாண்டு முடிவையும் பார்த்து மாதத்தைக் கணக்கிடவும். வரி தொடர்பான உறுதிமொழிகளுக்கு இது போதாது, அவற்றுக்கு வரித்துறை பழைய கணக்கைத் திறக்க உள்ள கால வரம்பைப் பார்க்கவும்.' ஷரத்து என்ன சொல்கிறது என்று அதையே வேறு வார்த்தையில் திரும்பச் சொல்லும் குறிப்பால் பயனில்லை. எப்போது மாற்றலாம், எப்போது கூடாது என்று சொல்ல வேண்டும்.

பிளேபுக். பேரத்தில் எப்படி நகர்வது என்ற கையேடு. முதலில் என்ன கேட்போம், மறுத்தால் எதுவரை இறங்குவோம், எதற்குக் கீழே போவதென்றால் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று ஒவ்வொரு முக்கிய ஷரத்துக்கும் எழுதியிருக்கும். ஒரே வகை ஒப்பந்தத்தை நாள்தோறும் கையாளும் நிறுவனங்களின் உள்சட்டப் பிரிவுகளுக்கு இது மிகவும் உதவும்.

செக்லிஸ்ட் பற்றி மேலேயே பார்த்துவிட்டோம். வேலையின் பெயரோடு, அது எதற்காக என்றும் ஒரு வரி இருந்தால் போதும்.

இந்த நான்கும் தேடினால் கிடைக்க வேண்டும் என்றால், ஒவ்வொரு ஆவணத்தின் மேலும் சில விவரங்களை ஒட்டிவைக்க வேண்டும். டீலின் வகை, யார் பக்கம், எந்த நாட்டுச் சட்டம், கையெழுத்தான வடிவமா பாதி டிராஃப்டா, தேதி, யாரைக் கேட்டால் கதை தெரியும் ஆகியவை அவை. ஆவணத்தைப் பற்றிய இப்படியான விவரங்களுக்கு மெட்டாடேட்டா என்று பெயர். சலிப்பான வேலைதான், ஆனால் அதன் மதிப்பு ஒரு நெருக்கடியில் தெரியும். உலகெங்கும் கடன் ஒப்பந்தங்களில் வட்டியைக் கணக்கிட அடிப்படையாக இருந்த லைபார் விகிதம் ஓய்ந்தபோது இதைப் பார்த்தோம். அதன் பெரும்பாலான வகைகள் 2021 இறுதியோடு நின்றன, டாலரின் முக்கிய விகிதங்கள் 2023 ஜூன் 30 வரை ஓடின. எந்தெந்த ஒப்பந்தத்தில் லைபார் இருக்கிறது, அது நின்றுபோனால் மாற்று என்ன என்று ஒப்பந்தம் சொல்கிறதா என்பதே முதல் கேள்வி. அந்த விவரத்தை முன்பே குறித்து வைத்திருந்தவர்கள் பட்டியல் எடுத்தார்கள். மற்றவர்கள் பைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து படிக்க வேண்டியிருந்தது.

சுருக்கமாக: படிவம் எங்கே தொடங்குவது என்று சொல்கிறது, குறிப்பு ஏன் என்று சொல்கிறது, பிளேபுக் எவ்வளவு இறங்கலாம் என்று சொல்கிறது, செக்லிஸ்ட் எதையும் விடாமல் பார்த்துக்கொள்கிறது. மெட்டாடேட்டா இவற்றைக் கண்டுபிடிக்க வைக்கிறது.

ஆவணம் அரிதான பொருள் இல்லை

எங்கள் டிராஃப்ட்தான் எங்கள் சொத்து, அதை வெளியே விடமாட்டோம் என்று சில நிறுவனங்கள் பொத்திப் பொத்தி வைப்பதைப் பார்க்கலாம். கட்சிக்காரரின் ரகசியத்துக்காக என்றால் சரி. ஆனால் ஒப்பந்த வாசகம் என்ற அளவில் அது அப்படி ஒன்றும் அரிதான பொருள் இல்லை. அமெரிக்காவில் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்கள் தங்கள் முக்கிய ஒப்பந்தங்களைப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்திடம் தாக்கல் செய்கின்றன. எட்கர் என்ற அதன் இணையத் தொகுப்பில் யாரும் அவற்றை இலவசமாகப் படிக்கலாம். நிறுவனங்களை வாங்கும் ஒப்பந்தம், கடன் ஒப்பந்தம், உரிம ஒப்பந்தம் எல்லாம் கொட்டிக் கிடக்கின்றன.

தொழில்துறையே சேர்ந்து படிவங்களைப் பொதுவாக்கிய உதாரணங்களும் உண்டு. நிதிச் சந்தையில் வட்டி, நாணய மாற்று ஒப்பந்தங்களுக்காக 1985-இல் தொடங்கிய இஸ்டா சங்கம், 1992-லும் 2002-லும் வெளியிட்ட தலைமை ஒப்பந்தங்கள் உலகெங்கும் புழங்குகின்றன. அதன் அமைப்பே ஒரு பாடம். தலைமை ஒப்பந்தத்தின் வாசகத்தில் யாரும் கைவைப்பதில்லை. இருதரப்பும் செய்துகொள்ளும் மாற்றங்கள் எல்லாம் அட்டவணை என்ற தனிப் பகுதியில் வரும். அதனால் எது பொது, எது பேரத்தில் வந்தது என்பது பார்த்த உடனே தெரியும். லண்டனில் 1996-இல் அமைந்த கடன் சந்தைச் சங்கமும் கடன் ஒப்பந்தங்களுக்கு இதே போலப் பொதுப் படிவங்கள் வைத்திருக்கிறது.

வாசகம் எல்லோரிடமும் இருக்கும்போது நிறுவனத்துக்கு நிறுவனம் வித்தியாசப்படுவது, அந்த வாசகத்தை இந்தக் கட்சிக்காரருக்கு எங்கே திருப்ப வேண்டும் என்ற தெளிவுதான்.

யார் எழுதுவது, எப்போது எழுதுவது

திட்டங்கள் உண்மையில் விழுகிற இடம் இது. ஒப்பந்த வழக்கறிஞர்கள் பலரும் மணிக்கணக்கில் கட்டணம் வாங்குகிறார்கள். குறிப்பு எழுதும் ஒரு மணி நேரத்தை எந்தக் கட்சிக்காரரின் பில்லிலும் போட முடியாது. 'எல்லோரும் அறிவைப் பகிருங்கள்' என்று சுற்றறிக்கை விட்டுவிட்டு, ஆண்டு இறுதியில் பில் போட்ட மணிகளை மட்டும் எண்ணினால், ஜூனியர் எதைச் செய்வார் என்று சொல்லத் தேவையில்லை. அந்த நேரத்தையும் வேலையாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளாத நிறுவனம் எந்த மென்பொருளை வாங்கினாலும் பலனில்லை என்று உறுதியாகச் சொல்வேன். முழு வேலைக்கும் இவ்வளவு என்று நிலையான கட்டணம் பேசும் நிறுவனங்களுக்கு இந்த இடம் எளிதாகிவிடுகிறது. ஒரே கேள்விக்கு இரண்டாம் தடவை விடை தேடாமல் மிச்சமாகும் நேரம் நிறுவனத்துக்கே லாபம்.

சில நிறுவனங்கள் இதற்கென்றே ஆள் வைத்தன. 1990-களில் லண்டனின் பெரிய சட்ட நிறுவனங்களில் ஒரு புதுப் பதவி பரவியது. கட்சிக்காரர் வேலையை நேரடியாகச் செய்யாமல், படிவங்களையும் குறிப்புகளையும் எழுதிப் புதுப்பித்து, சட்ட மாற்றங்களைச் சக வழக்கறிஞர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் அனுபவமுள்ள வழக்கறிஞர் அவர். அறிவு வழக்கறிஞர் என்று இன்று அழைக்கிறார்கள். அதே காலத்தில், 1990-இல், இந்த வேலையை வெளியிலிருந்து பல நிறுவனங்களுக்கும் செய்துதரும் பிராக்டிகல் லா என்ற நிறுவனமும் லண்டனில் தொடங்கியது. 2013-இல் அதைத் தாம்சன் ராய்ட்டர்ஸ் வாங்கியது.

ஆள் இருந்தாலும், டீலில் இருந்தவர் வாய் திறக்காமல் காரணம் வெளியே வராது. எனவே டீல் முடிந்ததும் ஒரு சிறு கூட்டம் வேண்டும். அமெரிக்க ராணுவம் 1970-களில் பயிற்சிகளுக்குப் பிறகு நடத்தத் தொடங்கிய ஆய்வுக் கூட்ட முறை இதற்குப் பொருத்தமானது. என்ன நடக்கும் என்று நினைத்தோம், என்ன நடந்தது, வித்தியாசம் ஏன் வந்தது, அடுத்த முறை எதை மாற்றுவது என்பவைதான் கேள்விகள். டீலுக்கு ஏற்பச் சொன்னால்: எந்த ஷரத்தில் அதிக நேரம் போனது? எதிர்த்தரப்பு எந்த வாதத்தைக் கொண்டுவந்தது? நம் படிவத்தில் எது உதவவில்லை? கையெழுத்தான ஒரு வாரத்துக்குள் கேட்டால் பதில் துல்லியமாக வரும். தள்ளிப்போட்டால் '18 மாதம்னு முடிஞ்சுது' என்பது மட்டும்தான் நினைவில் நிற்கும்.

ரகசியம்

கட்சிக்காரரின் விவரங்களைக் காப்பது வழக்கறிஞரின் அடிப்படைக் கடமை. ஆகவே அறிவைப் பகிர்வதற்கும் ரகசியத்தைக் காப்பதற்கும் இடையே இழுபறி எப்போதும் இருக்கும். பெயரை அழித்துவிட்டால் போதும் என்று நினைப்பது ஆபத்தானது. விலை, தேதி, சொத்தின் விவரம், தொழிலின் தன்மை ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தே யார் என்று கண்டுபிடித்துவிடலாம். பைலுக்குள் மறைந்திருக்கும் பழைய திருத்தங்களும் கருத்துகளும் அப்படியே வெளியே போய்விடக்கூடும். முரண்பட்ட நலன் கொண்ட கட்சிக்காரர்கள் ஒரே நிறுவனத்தில் இருந்தால், ஒருவருடைய பைலை மற்றவருக்காக வேலை செய்யும் குழு பார்க்க முடியாதபடி தடுப்பு வைக்க வேண்டும், தேடல் வசதியும் அந்தத் தடுப்புக்குக் கட்டுப்பட வேண்டும்.

இங்கேயும் குறிப்புகளுக்கு ஒரு அனுகூலம் உண்டு. பழைய ஒப்பந்தத்தைப் பகிர்ந்தால் கட்சிக்காரரின் கதையும் கூடவே போகிறது. 'அவகாசம் ஒரு தணிக்கையைத் தாண்ட வேண்டும்' என்ற குறிப்பில் யாருடைய ரகசியமும் இல்லை.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு

மொழி மாதிரிகள் எனப்படும், கேட்டதை எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் ஒரு ஷரத்தை நொடியில் எழுதித் தருகின்றன, இனி இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறவர்கள் அதிகமாகியிருக்கிறார்கள். சட்ட நிறுவனங்களில் இவை பொதுவாக எப்படி இயங்குகின்றன என்று பார்த்தால் பதில் கிடைத்துவிடும். முதலில் நிறுவனத்தின் சொந்த ஆவணங்களிலிருந்து பொருத்தமானவற்றைத் தேடி எடுக்கும். பிறகு அவற்றை வைத்துப் பதிலையோ டிராஃப்டையோ எழுதும். தேடி எடுக்கிற இடத்தில் யார் பக்கம் என்று குறிக்காத பழைய ஒப்பந்தங்கள் மட்டும் இருந்தால், வரும் டிராஃப்டும் யாரோ ஒருவருடைய பேரத்தின் எச்சமாகத்தான் இருக்கும், சரளமான நடையில். குறிப்புகளும் பிளேபுக்கும் இருந்தால், 'ஒன்பது மாதத்துக்கு ஒத்துக்கொள்ளலாமா?' என்று கேட்கும் ஜூனியருக்குத் தணிக்கைக் கணக்கை எடுத்துக்காட்ட அதற்கு வழியிருக்கும். சரிபார்க்கும் பொறுப்பு வழக்கறிஞருடையதுதான், அதற்கும் காரணம் தெரிந்திருக்க வேண்டும்.

சிறிய அலுவலகம் எங்கே தொடங்கலாம்

மூன்று பேர் அலுவலகத்துக்கும் இது சாத்தியம்தான், மென்பொருள் எதுவும் வாங்க வேண்டாம். அடிக்கடி செய்யும் ஒரே ஒரு ஒப்பந்த வகையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எப்போதும் சண்டை வரும் ஷரத்துகள் ஐந்தாறுதான் இருக்கும். அவற்றுக்கு மட்டும் வரைவுக் குறிப்பு எழுதுங்கள், சீனியர் சொல்லச் சொல்ல ஜூனியர் எழுதுவது நல்ல முறை. எழுதும்போதே கேள்வி கேட்பார், அந்தக் கேள்விகளில்தான் குறிப்பில் எது விட்டுப்போகிறது என்று தெரியும். மற்ற ஒப்பந்த வகைகளை இது பழகியபிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு படிவத்தின் மேலும் இரண்டு விஷயம் கட்டாயம் இருக்க வேண்டும்: கடைசியாகச் சரிபார்த்த தேதி, பொறுப்பானவர் பெயர். சட்டம் மாறியபின் திருத்தாத படிவம், படிவமே இல்லாததைவிடத் தீங்கானது. அதை நம்பி எடுக்கிறவர் யோசிக்காமல் எடுப்பார். ஓராண்டு யாரும் பார்க்காத படிவத்தைப் பொதுப் பயன்பாட்டிலிருந்து எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள். பொறுப்பானவர் வேலையை விட்டுப் போகிறார் என்றால், அவருடைய பைல்களை ஒப்படைக்கச் சொல்லும் முன், அவர் பெயரில் இருக்கும் படிவங்களை அடுத்தவரோடு உட்கார்ந்து ஒவ்வொரு குறிப்பாகப் படித்து விளக்கச் சொல்லுங்கள்.